வியாழக்கிழமைப் பாண்

அவரைக் குடிகாரன் என்று எங்கள் சனம் சொல்லத் தொடங்கியது அவர் குடியை விட்ட பிறகுதான். குடித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவர் எல்லோருக்கும் அண்ணை. "அண்ணையைக் கேளுங்கோ." "அண்ணை கதைச்சா அலுவல் முடியும்." விட்டுவிட்டார் என்று தெரிந்ததும், "ஆர், அந்தக் குடிகார மனுசனோ?" என்று வாயைக் கோணிக்கொண்டு கேட்டார்கள். இத்தனை வருடம் கழிந்தும் இதை நினைத்தால் எனக்கு உச்சியில் ஏறுகிறது. ஆகவே ஆற அமர எழுத எனக்கு வராது. பெயரையும் எழுத மாட்டேன். அவர் பெயரை வாயில் போட்டு மென்ற சனத்துக்கு அதை இன்னொரு முறை எடுத்துக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

நான் கலியாணம் கட்டி ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்தபோது மார்க் போய் யூரோ வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஒரே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் நாங்கள், முதலாம் மாடியில் அவரும் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். ஆஸ்பத்திரித் துணிகள் துவைக்கிற பெரிய சலவைச்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. விடியப் போய் மத்தியானம் திரும்பிவிடுவார். மத்தியானத்துக்குப் பிறகு அவர் ஊருக்குச் சொந்தம். விசா நீட்டுவதா, பிள்ளையின் பள்ளிக்கூடமா, பல்லு வலியா, பிரசவமா, எந்த அலுவலுக்குத் தேர்மீன் என்கிற சந்திப்பு நேரம் கிடைத்தாலும் மொழிபெயர்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். மண்ணிறத் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ட்ராம் தரிப்பிடத்தில் நமக்கு முன்னமே வந்து நிற்பார். வாயில் எப்போதும் ஏலக்காய். கட்டடத்துப் பிள்ளைகள் அவரைக் கண்டால் கையை நீட்டும், ஆளுக்கொரு ஏலக்காய் கிடைக்கும். இந்த மனிதர் ஏன் நாள் முழுக்க ஏலக்காய் சப்புகிறார் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவருடைய மொழிபெயர்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருவர் சொன்னதை மற்றவருக்கு அப்படியே சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. முதல் தடவை என் விசா அலுவலுக்கு அவரோடு போனபோது, ஒரே கடதாசியை மூன்றாம் முறையும் கேட்ட அந்த அலுவலகப் பெண்ணைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, இவவுக்கு அறிவெண்டு ஏதும் இருக்கோ எண்டு கேளுங்கோ. குடுத்த கடதாசியைத் திண்டுபோட்டாவோ எண்டும் கேளுங்கோ" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜேர்மனில் நீளமாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரித்தாள். எழுந்து போய் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். விசாவும் அன்றைக்கே கிடைத்தது. வெளியே வந்து, "என்ன அண்ணை சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்னதைத்தான் சொன்னனான் தங்கச்சி. கொஞ்சம் துடைச்சுப்போட்டுச் சொன்னனான்."

அதுதான் அவர். எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். பக்கத்துக் கட்டடத்துப் பெண்ணின் மகன் வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு அடிக்கிறான் என்று ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னதை, "பெடியன் நல்ல துடிப்பாம்" என்று தாய்க்குச் சொல்லி அனுப்பியவர் அவர். அந்தத் தாய் கடை கடையாய் நின்று மகனின் துடிப்பைச் சொல்லிப் பெருமைப்பட்டாள். பிறகு பள்ளிக்கூடத்தால் அவனை இரண்டு கிழமை நிறுத்தியபோது ஆசிரியைக்கு நிறத்துவேசம் என்று சண்டைக்குப் போனாள். மொழிபெயர்க்க யார் போனது என்று நினைக்கிறீர்கள்? அதே அண்ணைதான். அந்தச் சண்டையையும் துடைத்துத்தான் சொல்லியிருப்பார்.

எனக்கு அது அப்போது பகிடியாக இருந்தது. யாரையும் நோகடிக்க அவரால் ஏலாது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இந்த அலுவல்களுக்கு அவர் காசு தொடமாட்டார். நீட்டினால் முகம் சுருங்கிவிடும். சரி, காசு வேண்டாம் என்கிற மனிதருக்கு நன்றியை எப்படிச் சொல்வது? எங்கள் சனம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தது. தேர்மீன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவரை இருத்தி ஒன்று ஊற்றிக் கொடுப்பது. பெரிய அலுவல் என்றால் முழுப் போத்தல், பையில் சுற்றி, கையில் திணித்து. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எங்கே வரும்? விசா கிடைத்தால் ஒரு போத்தல். பிள்ளை பிறந்தால் ஒரு போத்தல். பல்லுப் பிடுங்கினாலும் போத்தல். எங்கள் வீட்டிலிருந்தும் போனது. என் வீட்டுக்காரர் கடையில் நின்று பெயர் பார்த்து, விலை கூடியதாகத்தான் வாங்குவார். மரியாதையாம்.

ஊற்றினது நாங்கள். ஒரு மனிதரை வாரத்தில் நான்கு நாள் பின்னேரம் இருத்திவைத்து ஊற்றினது நாங்கள். இதை ஒருவராவது வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் இதை எழுதவே வந்திருக்க மாட்டேன்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை. அதிகம் கதைக்காத மனுசி. ஒருநாள் எங்கள் கதவடிக்கு வந்து நின்றா. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"பிள்ளை, உங்கட ஆளிட்டைச் சொல்லுவீங்களோ? இனிமேல் இவருக்குப் போத்தல் ஒண்டும் குடுக்க வேண்டாமெண்டு. கீழ் நிலவறையில ஒளிச்சு வைச்சுக் காலமையும் குடிக்கிறார். கோடை லீவு மட்டும் பாப்பன். அதுக்குப் பிறகு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பாரிசில அண்ணாவிட்டைப் போயிடுவன்."

குரலை உயர்த்தாமல் சொன்னா. அன்றிரவு வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவவுக்கு விசர். அண்ணை அளவாத்தான் எடுக்கிறவர்" என்றார்.

அளவா. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். எங்கள் ஆண்கள் எல்லோரும் அளவாகத்தான் எடுப்பார்கள். பிறந்தநாள் மண்டபத்துக்குப் பின்னால் காரின் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு அளவாக எடுப்பார்கள். உள்ளே நாங்கள் ரோல்சும் ஃபான்டாவுமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருப்போம். கடைசியில் அந்த அளவான மனிதர்களைத் தோளில் தாங்கிக் காரில் ஏற்றுவதும் நாங்கள்தான். அளந்தது யார், எந்தக் கோப்பையால் அளந்தது என்று கேட்கக் கூடாது.

அந்த மாரிக் குளிரில்தான் பாண் வரத் தொடங்கியது. வியாழக்கிழமை பின்னேரங்களில் எங்கள் கதவுப் பிடியில் ஒரு கடதாசிப் பை தொங்கும். உள்ளே செங்கட்டிக் கனத்தில் ஒரு கறுப்புப் பாண், ஜேர்மன்காரர் வெட்டி வெண்ணெய் பூசித் தின்கிற ரொட்டி. புளிப்பு. பிள்ளை வாயில் வைக்காது. கறியோடும் சேராது, சம்பலோடும் சேராது. அண்ணைதான் கொழுவிவிட்டுப் போகிறார் என்று தெரியும். அக்காவைக் கேட்டால், "வியாழனுக்கு வியாழன் அங்கை தூரப்போய் இதை வாங்கிக்கொண்டு வாறார். எங்கட பிள்ளையளும் தின்னாதுகள். ஏனெண்டு கேட்டா, நல்ல பாண் எண்டுறார்" என்று சொன்னா. மனிதருக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டு நான் பாணை வெட்டிக் குளத்து வாத்துகளுக்குப் போட்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை எனக்கு ஒரு தேர்மீன் வந்தது. பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்க்கிற அலுவல். அண்ணையும் வந்தார். வழக்கம்போலத் துடைத்து, மினுக்கி, அலுவலை முடித்துத் தந்தார். திரும்பும்போது ட்ராமில் வழக்கமான தரிப்பிடத்துக்கு முந்தியே இறங்கினார்.

"தங்கச்சி, இதில எனக்கு ஒரு சின்ன அலுவல். ஒராளுக்கு மொழிபெயர்க்க வேணும். கனநேரம் எடுக்காது. வெளியில குளிர், நீங்களும் உள்ளுக்கு வாங்கோ."

ஒரு தேவாலயத்துக்குப் பக்கத்தில் பழைய மண்டபம். வீதிக்கு எதிர்ப்பக்கம் ஒரு பாண் கடை. அதைப் பார்த்ததும், ஓகோ, இங்கேதான் அந்தச் செங்கட்டி வாங்குகிறார் என்று விளங்கியது. அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. அண்ணை மண்டபக் கதவுக்கு முன்னால் நின்றார். பாண் கடையைப் பார்த்தார். திரும்பவும் கதவைப் பார்த்தார். குளிரில் என் பல்லுக் கிட்டிக்கொண்டிருந்தது. "போவம் அண்ணை" என்று நான்தான் கதவைத் தள்ளினேன்.

உள்ளே நரைத்த தலையோடு, கழுத்தில் கண்ணாடியைக் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு ஜேர்மன் அம்மா வந்து கை தந்தா. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டா. அண்ணை என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அறிமுகப்படுத்துகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. கதிரை இழுத்துத் தந்தா. கோப்பி ஊற்றித் தந்தா. ஜேர்மனிக்கு வந்த நாளிலிருந்து ஒருவரும் எனக்கு இவ்வளவு மரியாதை செய்ததில்லை. எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது.

கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்லிவிட்டுக் கதைத்தார்கள். நான் அப்போது மொழி வகுப்பில் பாதிதான் தாண்டியிருந்தேன். என்றாலும் பியர், குடிப்பது, மனைவி, வேலை போனது என்கிற சொற்கள் பிடிபட்டன. ஒரு கிழவர் சொல்லிவிட்டு அழுதார். இது குடியை விட வந்தவர்கள் கூடுகிற இடம் என்று அப்போதுதான் ஓடி விளங்கியது. யாரோ எங்கட ஆள் ஒருவரை அண்ணை இங்கே கூட்டிவந்திருக்கிறார், நல்ல காரியம் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு அந்தத் தமிழ் முகம் எங்கே என்று வட்டம் முழுக்கத் தேடினேன். எங்கள் இருவரைத் தவிர ஒருவரும் இல்லை.

முறை எங்களிடம் வந்தது. கண்ணாடி அம்மா என்னைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டா. அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேக்கிறா."

"இருக்கிறன். ஆனா வீட்டை போகவேணும் எண்டு சொல்லுங்கோ. அக்காவிட்டை விட்ட பிள்ளை அழும். எங்கை உங்கட ஆள்? இன்னும் காணேல்லையே?"

அவர் ஜேர்மனில் தொடங்கினார். நான் சொன்னது இரண்டு வரி. அவர் நிறுத்தவே இல்லை. துடைக்கிறார் என்று பார்த்தால் இது வழக்கமான துடைப்பாக இல்லை. நான் காதைக் கூராக்கிக் கேட்டேன். அவள் குடிக்கிறாள். ஒவ்வொரு நாளும். காலையிலும். நிலவறையில் ஒளித்து வைத்திருக்கிறாள். பிறகு ஒரு சொல் வந்தது, கார்டமோம். அதற்கு மொழி வகுப்பு தேவையில்லை, கடையில் பெட்டியில் எழுதியிருக்கும். மணம் தெரியாமலிருக்க அவள் ஏலக்காய் சப்புகிறாள்.

வட்டத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரக்கமாகப் பார்த்தார்கள். அந்தக் கிழவர் எனக்குத் தலையை ஆட்டினார்.

பிரசவ அறையில் தந்த மருந்தைத் தவிர வெறிக்கிற சாமான் ஒன்றும் என் உடம்புக்குள் போனதில்லை. என்னைக் கொண்டுவந்து, பிற ஆண்களுக்கு நடுவில் இருத்தி, நிலவறைக்குள் குடிக்கிற பெண்ணாக்கிவிட்டார். காது மடல் கொதித்தது. எழும்பி ஓடலாம் என்று பையைத் தூக்கினேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. ஜாக்கெட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இதை அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கதவடியில் "யாருக்காக வந்தீர்கள்" என்று கேட்டபோது, பதினைந்து வருடம் மற்றவர்களுக்காகவே கதைத்துப் பழகிய வாய் தானாக என்னைக் காட்டிவிட்டது. விளங்கியது. விளங்கினதற்காகக் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு மடங்காகியது.

"அண்ணை, நான் இப்ப சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. ஒண்டையும் துடைக்க வேண்டாம். குடிக்கிறது நானில்லை. இவர்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தாடை அசைவது நின்றுவிட்டது. கண்ணாடி அம்மா ஒன்றும் விளங்காததுபோல, அவ என்ன சொல்கிறா என்று கேட்டா. விளங்காமலா கேட்டா? அந்த அம்மாவுக்கு நாங்கள் கதவைத் தள்ளி உள்ளே வந்தபோதே விளங்கியிருக்கும். கேட்டுவிட்டுக் காத்திருந்தா. எல்லோரும் காத்திருந்தார்கள்.

கடைசியில் அண்ணை வாயைத் திறந்தார். சின்ன வசனம். எனக்குக் கூட முழுதாக விளங்குகிற வசனம். அவ இல்லை, நான்.

நான் அறிய அவர் ஒன்றையும் மாற்றாமல் மொழிபெயர்த்தது அதுதான் முதல் தடவை.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. எங்கள் சனமாக இருந்தால் இந்நேரம் கொலோன் நகரத்துத் தமிழர் வரை தொலைபேசியில் கதை போயிருக்கும். அழுத கிழவர் பிஸ்கட் தட்டை அண்ணைக்குப் பக்கமாகத் தள்ளிவைத்தார். கண்ணாடி அம்மா ஏதோ சொன்னா. பழக்கத்தில் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"வந்தது நல்லது எண்டு சொல்லுறா."

"அவ்வளவுதானோ?"

"அடுத்த கிழமை நீங்கள் வரத் தேவையில்லையாம்."

வெளியே வந்ததும் அவருடைய கால்கள் தாமாகவே பாண் கடைப் பக்கம் போயின. பாதி வீதியில் நின்று, "இண்டைக்குப் பாண் தேவையில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ட்ராமில்தான் கதை வந்தது. டொக்டர் இந்த இடத்தைச் சொன்னதும் முதலில் தொலைபேசி எடுத்திருக்கிறார். "எனக்கில்லை, தெரிஞ்ச ஒராளுக்கு எண்டு கேட்டனான்" என்றார். அந்த ஆளை வரச் சொல்லுங்கள் என்று அங்கிருந்து சொன்னார்களாம். அதற்குப் பிறகு வியாழனுக்கு வியாழன் அந்தக் கதவு வரை வந்து, உள்ளே போக ஏலாமல், வெறுங்கையோடு திரும்பவும் ஏலாமல், எதிரே இருந்த கடையில் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"வந்ததுக்கு ஒரு காரணம் வேணுமெல்லே" என்றார்.

நான் வாத்துகளுக்குப் போட்ட பாணையெல்லாம் நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் அவர் அந்தக் கதவைத் திறக்காத ஒரு வியாழக்கிழமை.

பிறகு அவர் சொன்ன இன்னொரு விசயம் எனக்கு இன்றுவரை செமிக்கவில்லை. உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்த ஒரு மன்னார்க்காரர் எங்கள் ஊரில் இருந்தார், தனி ஆள். ஈரல் பழுதாகி இறந்துபோனவர். செத்தவீட்டுக்கு அடுத்த நாள் அவர் நினைவாகவே போத்தல் உடைத்தார்கள், அது எங்கள் சனத்தின் அறிவு. அந்த மனிதரோடு டொக்டரிடம் மொழிபெயர்க்கப் போனது அண்ணை. இனி ஒரு துளி பட்டாலும் ஆள் தப்பாது என்று டொக்டர் சொன்னாராம். அண்ணை என்ன சொன்னார் தெரியுமா? "கொஞ்சம் குறைக்கட்டாம்."

"அந்த முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல ஏலாமப் போச்சு தங்கச்சி. அந்தாள் சந்தோசத்தில என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒண்டு வாங்கித் தந்தது. ரெண்டு பேரும் குடிச்சனாங்கள்."

நான் ட்ராமுக்குள்ளேயே சத்தம் போட்டேன். "உங்கட நல்ல மனசைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்கோ அண்ணை. அந்தாளுக்கு உள்ளதைச் சொல்லியிருந்தா விட்டிருக்கும், இல்லாட்டி விடாமலும் விட்டிருக்கும், அது அந்தாளின்ர பாடு. நீங்கள் ஆர் அதை ஒளிக்கிறதுக்கு?" ஜேர்மன்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"ஓம்" என்றார். கொஞ்சத் தூரம் போன பிறகு, "அதே டொக்டர், அதே அறை. போன வருசம் எனக்கும் அதையேதான் சொன்னவர். எனக்குத் துடைச்சுச் சொல்ல ஒருத்தரும் இல்லை" என்றார்.

அடுத்த வியாழன் அவர் தனியாகப் போனார். கதவுப் பிடியில் பாண் தொங்கவில்லை. அதற்கடுத்த வியாழனும் தொங்கவில்லை. இடையில் ஒரு முறை தொங்கியது. நான் மாடியிறங்கிப் போய் அவர் கையிலேயே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதோடு சரி. கோடை லீவு வந்தது. அக்கா பிள்ளைகளோடு பாரிசுக்குப் போனா. அவரும் கூடப் போனார். நான்கு பேரும் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள்.

இனித்தான் எங்கள் சனத்தின் அழகு. அந்த வருடக் கடைசியில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில் பிள்ளையின் தகப்பன் வந்து அண்ணைக்கு ஊற்றப் போனார். அண்ணை கோப்பையைக் கையால் மூடினார்.

"ஒண்டுதானே அண்ணை. பிள்ளையின்ர பிறந்தநாள்."

"எனக்கு ஒண்டு எண்டு இல்லைத் தம்பி. நான் குடிகாரன்."

அந்தக் கதிரை வட்டத்தில் சொல்லிப் பழகியதை அப்படியே சொன்னார். துடைக்காமல் சொன்னார். மேசையில் சிரிப்புக் கிளம்பியது. அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் அது. நிறைவெறியில் கார் ஓடிச் சாரதிப் பத்திரத்தைப் பறிகொடுத்தவர், மனைவியின் காப்பை அடகு வைத்துக் குடித்தவர், எல்லோரும் சேர்ந்து அந்த மண்டபத்தில் குடிக்காமல் இருந்த ஒரே ஆணுக்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தார்கள். முன்னுக்கு நின்று சிரித்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். வெள்ளைக்காரரோடு வட்டமாக இருந்து அழுகிற கூட்டம் என்று நடித்தும் காட்டினார். அந்த மண்டபம் எந்தத் தரிப்பிடத்தில், எந்தப் பாண் கடைக்கு எதிரில் இருக்கிறது என்று, கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணை மறைக்காமல் சொன்னதில், ஊருக்கே தெரிந்துவிட்டது. பகிடி பண்ணிப் பண்ணி வழி எல்லோருக்கும் பாடம்.

மொழிபெயர்ப்பும் மாறிவிட்டது. "நீங்கள் சொல்லுறது பொய் எண்டு சொல்லுறா" என்று ஒருவரின் முகத்துக்கு நேரே சொன்னார். துடிப்பான பெடியனின் தாய்க்கு, "உங்கட மகன் பிள்ளையளுக்கு அடிக்கிறான். முந்தியும் அதைத்தான் சொன்னவை, நான்தான் மறைச்சனான்" என்று சொன்னார். சனத்துக்கு அது பிடிக்குமா? கூப்பிடுவது குறைந்தது. குடியை விட்டதோடு ஆளுக்கு மண்டை குழம்பிவிட்டதாம். தமிழ்க் கடையில் ஒருத்தி என்னிடமே, "நீர் ஏன் அந்தக் குடிகாரனோட திரியிறீர்?" என்று கேட்டாள். "உம்மட மனுசன் ஆரோட குடிக்கிறார் எண்டு முதல்ல கேட்டுக்கொண்டு வாரும்" என்று சொல்லிவிட்டு வாங்க வந்த முருங்கைக்காயையும் வைத்துவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரரின் அளவு இதற்கிடையில் வளர்ந்துகொண்டே போனது. சனிக்கிழமையில் மட்டும் இருந்தது வெள்ளிக்கு வந்தது, பிறகு வாரம் முழுக்க வந்தது. உலகக் கிண்ணக் கால்பந்து எங்கள் ஊரில் நடந்த கோடையில் கேட்கவே வேண்டாம். கால் வீங்கி, கண் மஞ்சளாகத் தெரியத் தொடங்கியபோது நான் டொக்டரிடம் தேர்மீன் எடுத்தேன். டொக்டர்மாரின் ஜேர்மன் எனக்கு அரைவாசிதான் பிடிபடும். அண்ணையைக் கூப்பிடுவோம் என்றேன்.

"அந்தக் குடிகாரனையோ?"

"ஓம். அவரைத்தான்."

அண்ணை வந்தார். அதே மண்ணிற ஜாக்கெட். டொக்டர் பேசி முடித்ததும் அவர் என் வீட்டுக்காரர் பக்கம் கதிரையைத் திருப்பி முகத்துக்கு நேரே இருந்தார். கை இரண்டும் முழங்காலில் இருந்தன.

"ஈரல் போகுது எண்டு சொல்லுறார். குறைக்கச் சொல்லேல்லை, விடச் சொல்லுறார். விடாட்டி உங்கட பிள்ளை பெரிசாகிறதை நீங்கள் பாக்க மாட்டீங்கள் எண்டு சொல்லுறார்."

வீட்டுக்காரர் துள்ளி எழும்பினார். "டொக்டர் இப்பிடிச் சொல்லேல்லை. இவர் கூட்டிச் சொல்லுறார்" என்று என்னிடம் கத்தினார். பிள்ளை என்கிற சொல் எனக்கும் விளங்கியிருந்தது. ஒன்றும் கூட்டப்படவில்லை. அந்த மன்னார்க்காரருக்குச் சொல்லாமல் விட்டதை அண்ணை இந்த முறை சொல்லிவிட்டார். வியர்வை அவர் காதோரம் வழிந்தது.

அதற்குப் பிறகு அண்ணை எங்கள் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. நானும் சமைத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் பிள்ளையின் சத்தம் மட்டும்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அளவாத்தான் என்று சொல்ல வாயெடுப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு பின்னேரம் நான் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டு நின்றபோது வீட்டுக்காரர் வேலை முடிந்து பிந்தி வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. குசினி மேசையில் ஒரு கடதாசிப் பையை வைத்தார்.

"என்ன இது?"

"பாண். சும்மா அந்தப் பக்கம் போனனான். நல்ல பாண் எண்டு சொன்னாங்கள்."

பையைத் திறந்தேன். கறுப்பு. செங்கட்டிக் கனம். சுவரில் நாட்காட்டியைப் பார்த்தேன், வியாழக்கிழமை.

அந்தப் பாணின் கதையை அண்ணை என்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. நானும் வாய் திறந்ததில்லை. எனக்கு அழுகை வந்ததா என்றால், வந்தது. அதைவிடக் கோபம்தான் கூடுதலாக வந்தது. இவ்வளவு பகிடி பண்ணிவிட்டு, நடித்தும் காட்டிவிட்டு, கடைசியில் அதே கதவடியில் நின்றுவிட்டு, அதே பாணோடு வந்து நிற்கிறார். ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து அவருக்கு முன்னால் தள்ளினேன்.

"இதைத் தின்னுங்கோ. முழுக்க நீங்கள்தான் தின்னவேணும். இனி வாத்துக்குப் போடமாட்டன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெறும் பாணைக் கடித்துக்கொண்டு இருந்தார். நான் கூடத்துக்குப் போய் முதலாம் மாடிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, எங்கட வீட்டுக்கும் பாண் வந்திட்டுது."

அந்தப் பக்கம் ஏலக்காய் சப்புகிற சத்தம் இல்லை, அதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

"வாற வியாழன் நானும் வாறன் தங்கச்சி. உங்கட ஆளைக் கூட்டிக்கொண்டு நீங்களும் வாங்கோ. கதவடியில அந்த அம்மா ஆருக்காக வந்தனீங்கள் எண்டு கேப்பா. நீங்களும் வாய் திறக்கப்படாது, நானும் திறக்க மாட்டன்."